எதை முதலில் கற்பது: டெல்டாவில் ஆலோசகர் வேலைக்கு வருகிறவர்களுக்கு

உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டுத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் ஆலோசகராகச் சேர்கிறவர்களுக்கு முதல் வருடமே ஒரு கேள்வி வந்துவிடும். கல்லூரியில் பத்துப் பதினைந்து சிகிச்சை முறைகளைத் தேர்வுக்குத் தேவையான அளவு படித்திருப்பார்கள். எதிரில் ஆள் வந்து உட்கார்ந்ததும் அதில் ஒன்றும் கைகொடுக்காது. சரி, ஒரு முறையையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம் என்று நினைத்தால், கையில் இருக்கும் பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் போதும். அந்த ஒன்று எது?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்கும் பழக்கம் அடித்தளம். அதற்கு மேல், பெரும்பாலானவர்கள் முதலில் கற்க வேண்டியது ஆல்பர்ட் எல்லிஸ் உருவாக்கிய பகுத்தறிவு உணர்வு நடத்தைச் சிகிச்சை, அதாவது ஆர்.இ.பி.டி. நம் ஊர் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதிலிருந்துதான் இந்த முடிவுக்கு வந்தேன். அதே ஊரில் இந்த முறையைக் கொண்டுபோகவே கூடாத இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஒப்பிட மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் முறை, ஆரோன் பெக்கின் சி.பி.டி. (அறிவுசார் நடத்தைச் சிகிச்சை), அப்புறம் செயல்பாடுகளை மீட்டெடுக்கும் முறை. ஃபிராய்டு வழியில் வந்த உளப்பகுப்பாய்வை விட்டுவிட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்கில் பஸ் பிடித்து வந்துபோக இங்கே யாராலும் முடியாது.

ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 23. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நிலம். மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். கல்லூரி முடிந்துவிட்டது, நான்கு அரியர் முடியவில்லை. கூடப் படித்தவர்கள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். இவர் கல்யாணம் காதுகுத்து எதற்கும் போவதில்லை. ஊர்த் திருவிழா வந்தால் அறையைச் சாத்திக்கொள்கிறார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் போன். அம்மா கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார். "பாக்குறவங்க எல்லாம் என்ன பண்றேன்னுதான் சார் கேக்குறாங்க. முகம் குடுத்துப் பேச முடியல."

ரோஜர்ஸ் வழியில் போகும் ஆலோசகர் இவருக்கு எந்த யோசனையும் சொல்ல மாட்டார். ஒருவர் மாறுவதற்கு என்னென்ன தேவை என்று ரோஜர்ஸ் 1957இல் எழுதினார். அதில் மூன்று ஆலோசகரைப் பற்றியவை: பூச்சு இல்லாமல் உண்மையாக இருப்பது, எந்த நிபந்தனையும் வைக்காமல் ஆளை ஏற்றுக்கொள்வது, அவர் நிற்கும் இடத்திலிருந்து அவருடைய உலகத்தைப் புரிந்துகொள்வது. இந்த இளைஞருக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் அவருக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுது, துபாய் போ, அப்பாவைப் பார், உன் வயசில் நாங்கள் எல்லாம்... குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்கும் முதல் ஆள் அனேகமாக ஆலோசகராகத்தான் இருப்பார்.

தேவையானவை என்று மட்டும் ரோஜர்ஸ் நிறுத்தவில்லை, இவையே போதும் என்றும் சொன்னார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இங்கே ஆலோசனைக்கு வருகிறவர் வழி கேட்டு வருகிறார். அவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாவது சந்திப்பில் அந்த அம்மா கேட்பார்: "என்ன சார், நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்களே." நான்காவது சந்திப்புக்கு வர மாட்டார்கள்.

பெக் பிலடெல்பியாவில் மனநல மருத்துவராக இருந்தவர். 1960களில் தன் முறையை வளர்த்தெடுத்தார். மனம் தளர்ந்தவருக்குச் சட்டென்று தானாக ஓடிவரும் எண்ணங்களைப் பிடித்து எழுதி, அவை உண்மைதானா, ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று இரண்டு பேரும் சேர்ந்து பரிசோதிப்பது அதன் மையம். மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் இதற்கு இருக்கும் ஆராய்ச்சி ஆதரவு மிகப் பெரியது. எல்லிஸின் முறைக்கு அந்த அளவு கிடையாது. ஆதாரத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர் பெக்கைத்தான் எடுக்க வேண்டும்.

நம் இளைஞரிடம் இதைக் கொண்டு வாருங்கள். "எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசுறாங்க" என்கிறார். சரி, பார்ப்போம் என்று ஆதாரம் தேடக் கிளம்புகிறோம். பெரிய நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்கு இந்தப் பரிசோதனை நல்ல பலன் தரும், ஏனென்றால் அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் பெயர்கூடத் தெரியாது. இருநூறு வீடு உள்ள கிராமத்தில்? உண்மையாகவே பேசுகிறார்கள். டீக்கடையில், பம்புசெட்டில், நடவு வயலில், ரேஷன் கடை வரிசையில் பேசுகிறார்கள். "அவன் பையன் படிச்சுட்டு சும்மா கெடக்கான்" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். ஆதாரம் தேடினால் ஆதாரம் கிடைத்துவிடும். ஆலோசகர் எவ்வளவு திறமையாகக் கேள்வி கேட்டாலும் இளைஞர் மனசுக்குள் நினைப்பார்: இவருக்கு எங்க ஊரைத் தெரியாது.

பெக்கின் முறையிலும் மேலே ஓடும் எண்ணங்களைத் தாண்டி ஆழத்தில் இருக்கும் நம்பிக்கைகளுக்குப் போக வழி உண்டு, தேர்ந்தவர்கள் போவார்கள். ஆனால் புதிதாகக் கற்றவர் தொடங்குவது எண்ணங்களைப் பதிவு செய்யும் தாளில்தான். இங்கே அந்தத் தாளிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். நாற்றுப் பறித்துவிட்டு வரும் ஐம்பது வயது அம்மாவிடம் ஐந்து கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் அது மடித்து மஞ்சள் பையில் போகும், அவ்வளவுதான்.

இப்போது எல்லிஸ். அமெரிக்காவில் 1913இல் பிறந்து 2007இல் மறைந்தவர். இளம் வயதில் பெண்களிடம் பேசவே பயந்தவர். 19 வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போய், ஒரே மாதத்தில் நூறு பெண்களிடம் வலியப் பேசித் தன் பயத்தைக் கரைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று அதைச் செய்துவந்தார். வருகிறவர்களுக்குத் தங்கள் கடந்தகாலம் நன்றாகப் புரிகிறது, ஆனால் துன்பம் குறையவில்லை என்று கண்டு அதை விட்டார். 1955இல் புது முறையைத் தொடங்கினார். அது பகுத்தறிவுச் சிகிச்சை என்று ஆரம்பித்து, இடையில் உணர்வையும், 1993இல் நடத்தையையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. பழைய கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் தத்துவம்தான் தன் வேர் என்று மறைக்காமல் சொன்னார்: நடந்ததைவிட, நடந்ததை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதே நம்மை அதிகம் கலக்குகிறது.

ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகப் பிரித்தார். ஏ என்பது நடந்த விஷயம். சி என்பது அதனால் வந்த உணர்வும் நடத்தையும். நடுவில் இருக்கும் பி, நாம் மனதில் பிடித்து வைத்திருக்கும் நம்பிக்கை. நடந்த விஷயமே உணர்வை உண்டாக்கிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம், நடுவில் ஒன்று இருப்பதைக் கவனிப்பதில்லை. எல்லிஸ் அந்த நடுவில் தேடியது முக்கியமாக ஒரு பிடிவாதத்தை: இப்படித்தான் நடந்தே தீர வேண்டும். நான் ஜெயித்தே ஆக வேண்டும், மற்றவர்கள் என்னிடம் நியாயமாக நடந்தே ஆக வேண்டும், வாழ்க்கை சுலபமாக இருந்தே ஆக வேண்டும். இதிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன: நடக்காவிட்டால் குடி முழுகிப்போச்சு என்பது, என்னால் தாங்கவே முடியாது என்பது, நான் (அல்லது அவன்) ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று மொத்தமாக முத்திரை குத்துவது.

மற்ற முறைகளிலிருந்து எல்லிஸ் பிரியும் இடம் ஒன்று உண்டு. நடந்த விஷயம் உண்மையா என்ற விசாரணையில் அவர் அவசரப்படுவதில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம் என்று அங்கிருந்து தொடங்குகிறார்.

"சரி தம்பி, அவங்க பேசுறாங்கன்னே வச்சுக்குவோம். டீக்கடையில உக்காந்து உங்களப் பத்தித்தான் பேசுறாங்க. உங்களுக்குப் பிடிக்கல. நியாயம். பிடிக்கலங்கிறதுக்கும், அறையைச் சாத்திக்கிட்டுக் கெடக்குறதுக்கும் நடுவுல உங்க மனசு என்ன சொல்லுது?"

"நாலு பேரு பேசுற மாதிரி ஆயிட்டேனேன்னு."

"ஆயிட்டா?"

"அப்புறம் நான் என்ன சார் மனுஷன்."

இதோ பிடி கிடைத்துவிட்டது. ஊர் மதித்தே தீர வேண்டும், மதிக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை. இதை மூன்று பக்கத்திலிருந்து கேள்வி கேட்கலாம். ஊர் மதித்துத்தான் ஆக வேண்டும் என்று எங்கே இருக்கிறது? நாலு பேப்பர் போனதிலிருந்து ஆளே ஃபெயில் என்பது எப்படி வந்தது? இப்படி நினைப்பதால் அந்த நாலு பேப்பரை எழுத முடிகிறதா? இரண்டாவது கேள்விக்கு அவருக்குத் தெரிந்த உலகத்திலேயே விடை இருக்கிறது. வயலில் ஒரு மூலை சாவியாகப் போனால் அப்பா நிலத்தையே தரிசு என்று எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டால் அவருக்குப் புரியும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த முறை எனக்குப் பிடிக்கும். இது சந்தோஷத்தை வாக்குக் கொடுப்பதில்லை. அரியர் இருப்பது வருத்தப்பட வேண்டிய விஷயம்தான், வருத்தம் இருக்கட்டும் என்கிறது. ஆனால் வருத்தம் மனிதனை எழுந்து உட்காரவைக்கும், மனச்சோர்வு படுக்கப்போடும். அக்கறை தேர்வுக்குப் படிக்கவைக்கும், பீதி புத்தகத்தை மூடவைக்கும். ஆரோக்கியமான துன்பம், ஆரோக்கியமில்லாத துன்பம் என்று எல்லிஸ் பிரித்தது, துன்பத்துக்கு நிஜக் காரணங்கள் உள்ள ஊர்களில் பெரிய உதவி. "பாசிட்டிவாக இருங்கள்" என்று யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

எல்லிஸ் பேச்சோடு விட மாட்டார். வெட்கத்தை உடைக்கும் பயிற்சிகள் கொடுப்பார். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சத்தமாகக் கூவச் சொல்வது அதில் பிரபலம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனாலும் உலகம் இடிந்து விழாது என்று உடம்பே கற்றுக்கொள்ளும். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது, சட்டத்துக்கும் வேலைக்கும் பாதகம் வரக் கூடாது என்பது நிபந்தனை. மன்னார்குடி டவுன் பஸ்ஸில் நம் இளைஞரைக் கூவவிட வேண்டாம், அது ஊருக்குப் போய்ப் பைத்தியம் என்று பேராகிவிடும். அவருக்கு ஏற்ற பயிற்சி கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். பந்தியில் உட்கார வேண்டும். யாராவது என்ன பண்ற என்று கேட்டால் சுற்றி வளைக்காமல், குரலைத் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும்: "இன்னும் வேலைக்குப் போகல மாமா. நாலு அரியர் இருக்கு, எழுதிக்கிட்டிருக்கேன்." திரும்பி வந்ததும் அந்த மாமா என்ன சொன்னார் என்பதைவிட, அவர் சொன்ன பிறகும் இவர் சாப்பிட்டு முடித்தாரா என்று கேளுங்கள்.

நடைமுறையில் இன்னொரு பலம், குறைவான சந்திப்புகள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் ஆள் வர மாட்டார். அறுவடையிலும் வர மாட்டார். ஒரு தடவை வந்து இரண்டாவது தடவை வராமல் போகிறவர்கள்தான் அதிகம். எல்லிஸ் நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் வெள்ளிக்கிழமை மாலைகளில் பொதுமக்கள் முன்னிலையில், முன்பின் தெரியாத ஒருவரை மேடைக்கு அழைத்து அங்கேயே ஆலோசனை செய்து காட்டினார். ஒரே சந்திப்பில் ஏபிசியைக் கற்றுக்கொடுத்து அனுப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி. பேப்பரும் பேனாவும் இல்லாமலே சொல்லிக் கொடுக்கலாம்.

ஆதாரம் குறைவு என்றேன், இல்லாமல் இல்லை. ருமேனியாவில் மனச்சோர்வுள்ள 170 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. ஆர்.இ.பி.டி., பெக்கின் முறை, ஃபுளுவாக்ஸெடின் மாத்திரை மூன்றையும் 14 வாரம் ஒப்பிட்டார்கள். சிகிச்சை முடிவில் மூன்றும் ஏறக்குறைய சமமாகவே நின்றன.

இனி, எங்கே கூடாது.

தை மாதம். சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்கவில்லை. சொசைட்டிக் கடன், நகைக் கடன், வியாழக்கிழமை வந்தால் மனைவி பெயரில் குழுக்கடன் தவணை. இவரிடம் போய், நெல்லை எடுத்தே தீர வேண்டும் என்ற உங்கள் பிடிவாதம்தான் பிரச்சினை என்று சொன்னால் அது அநியாயம். முதலில் உணர்வுச் சிக்கலைத் தீர்த்துவிட்டு நடைமுறைச் சிக்கலுக்கு வரலாம் என்பது எல்லிஸின் வழக்கமான வரிசை. இங்கே அந்த வரிசையை நான் மாற்றிவிடுவேன். பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறாரா, வி.ஏ.ஓ. வயலைப் பார்த்தாரா, தவணையைத் தள்ளிவைக்க யாரிடம் பேசலாம் என்று ஒரு சந்திப்பு முழுக்க அதற்கே போகட்டும். அதற்குப் பிறகும் ஒரு நம்பிக்கை மிச்சமிருக்கலாம்: கடனைக் கட்ட முடியாதவன் உயிரோடு இருக்கக் கூடாது. உயிரைக் குடிக்கும் பிடிவாதம் அது. அதைத் தொட ஆர்.இ.பி.டி. தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வாதாடுவதற்கு முன்னால் பாதுகாப்பு. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் உள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக ஏற்பாடு செய்யுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழகத்தின் 104, இரண்டையும் எழுதிக் கையில் கொடுங்கள்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவரோடு இருக்கும் பெண்ணிடம் "தாங்கிக்கொள்ள முடியும்" என்று பாடம் எடுக்கவே கூடாது. அவருக்குத் தேவை 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், போய்த் தங்க ஓர் இடமும். சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்டு வந்திருக்கும் இளைஞரிடம், மற்றவர்கள் மரியாதை தந்தே ஆக வேண்டுமா என்று கேட்பதும் அதே தவறு. மரியாதை அவர் உரிமை, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்காக இருக்கிறது. அந்தக் கோபத்தின் பக்கம் நின்றுகொண்டுதான் ஆலோசகர் வேறு எதையும் பேச முடியும். கேள்வி கேட்கும் முறை எதற்கும் இந்த ஆபத்து உண்டு: அமைப்பின் தவறு, பாதிக்கப்பட்டவரின் நினைப்பில் வந்து ஏறிவிடும்.

துக்கமும் அப்படியே. 2004இல் கடல் கொண்டுபோன பிள்ளையை இன்னும் நினைத்து அழும் தாய்க்கும், 2018 நவம்பர் 16 விடியலில் கஜாவில் மொத்தத் தென்னந்தோப்பையும் இழந்த பேராவூரணிப் பெரியவருக்கும் விவாதம் வேண்டாம். அங்கே ரோஜர்ஸ் போதும்.

பெரியவர்களிடம் எல்லிஸின் தொனியும் ஆகாது. 1965இல் வந்த ஒரு பயிற்சிப் படத்தில் குளோரியா என்ற பெண் ரோஜர்ஸ், கெஸ்டால்ட் சிகிச்சையைத் தொடங்கிய பெர்ல்ஸ், எல்லிஸ் மூவரிடமும் தனித்தனியாகப் பேசுவார். எல்லிஸ் அதில் நிறையப் பேசுகிறார், வேகமாகப் பேசுகிறார். அந்த நடையைக் காப்பியடித்தால் அறுபது வயதுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். தத்துவத்தை எடுங்கள், தொனியை விடுங்கள். "ஐயா, உங்க தம்பிக்கு இப்படி ஆகியிருந்தா அவருகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டால், அவரே தன் நம்பிக்கையைத் தளர்த்திக்கொள்வார்.

செயல்பாடுகளை மீட்டெடுக்கும் நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதன் அழகே சுருக்கம்தான். மனம் தளர்ந்தவர் செய்வதை எல்லாம் நிறுத்திவிடுகிறார், நிறுத்த நிறுத்த இன்னும் தளர்கிறார். மனசு சரியாகட்டும் என்று காத்திராமல், அவருக்கு அர்த்தமுள்ள சின்னச் சின்ன வேலைகளை நாள், நேரம் குறித்துத் திரும்பத் தொடங்கவைப்பது. பெக்கின் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்த 1996ஆம் ஆண்டு ஆய்வில், இந்தப் பகுதியைத் தனியாகச் செய்தபோதே முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்தது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளுக்கு, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்கள் ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகளில் இதைச் செய்து நல்ல பலன் கண்டார்கள். 2017இல் அது வெளியானது. நம் இளைஞருக்கும் முதல் வாரம் இது வேண்டும்: காலை ஆறு மணிக்கு அப்பாவோடு வரப்பில் ஒரு நடை, ராத்திரி பத்துக்குப் போன் அம்மாவிடம். ஆனால் அது மட்டும் போதாது. வரப்பில் எதிரே மாமா வருவார். அந்த நிமிடத்துக்கு ஆர்.இ.பி.டி. வேண்டும்.

ஆகவே வேலை எங்கே என்று பார்த்து முடிவெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதியோர்களோடோ வேலை என்றால் செயல்பாட்டு முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஆர்.இ.பி.டி. இரண்டாவதாக வரட்டும். பள்ளி, கல்லூரி, போட்டித் தேர்வு மையம் என்றால் தயங்காமல் ஆர்.இ.பி.டி. குடிநோய் மறுவாழ்வு மையம் என்றாலும் அதுதான். "என்னால தாங்க முடியல, ஒண்ணே ஒண்ணு" என்ற நினைப்பைப் பிடித்து நிறுத்துவதில் அதற்குத் தனித் தேர்ச்சி உண்டு, குடி, போதையை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஸ்மார்ட் ரெக்கவரி குழுக்கள் பயன்படுத்தும் கருவிகள் பல இதிலிருந்து வந்தவைதான். பாகப்பிரிவினைச் சண்டை, வாய்க்கால் தகராறு என்று கோபத்தோடு வருகிறவர்கள் அதிகம் என்றாலும் இதையே சொல்வேன். மருத்துவமனையில் மனநல மருத்துவரோடு சேர்ந்து வேலை, வருகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தொடர்ந்து வருவார்கள் என்றால் பெக்.

பணம் கட்டிப் பயிற்சியில் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: நான் ஆலோசனை செய்வதை யாராவது உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார்களா? ஸ்லைடும் சான்றிதழும் மட்டும் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் நான்கைந்து சக ஆலோசகர்கள் கூடுங்கள். ஒருவர் தன் சொந்தக் கோபத்தையோ பயத்தையோ கொண்டு வரட்டும், இன்னொருவர் ஏ, பி, சி பிரிக்கட்டும், மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும். தன் பிடிவாதம் ஒன்றையாவது இப்படி உடைத்துப் பார்க்காதவர், அடுத்தவருடையதைத் தொட இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.